எந்தச் சட்டத்தின் பேரில் இந்தக் காவல்? பிரெக்ஸிட்டுக்குப் பின் டப்ளினில் எழுந்த இரண்டு பிடியாணை வழக்குகள்

இருவரும் அவர்களின் கேள்வியும்

பிரிட்டன் தேடிய இரண்டு பேர் அயர்லாந்தில் பிடிபட்டார்கள். முதலாமவருக்கு பிரிட்டனில் ஏற்கெனவே எட்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதை அனுபவிக்க அவரை ஒப்படைக்கும்படி கேட்டிருந்தார்கள். இரண்டாமவர் மீது 14 குற்றச்சாட்டுகள் இருந்தன; அவர் விசாரணைக்குத் தேவைப்பட்டார். ஒருவருக்கும் மற்றவருக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆனாலும் அவர்களின் மனுக்கள் ஒன்றாகி, 2021ஆம் ஆண்டில் டப்ளினிலிருந்து, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போயின.

அவர்கள் செய்தது என்ன, அதற்குச் சான்று என்ன என்பது அந்த மனுக்களில் எங்கும் பேசப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்ட ஒரு நாடு கேட்கிறது என்பதற்காக, எந்தச் சட்டத்தின் பேரில் எங்களை அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று மட்டுமே இருவரும் கேட்டார்கள். ஒரு நாடு அரசியல் ஒன்றியத்திலிருந்து பிரியும்போது காவல் துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் நேரும் சிக்கலை இந்தக் கேள்வி அளவுக்குத் துல்லியமாகத் தொட்டது வேறில்லை என்று கருதுகிறேன். இருவரின் பெயர்களும் இங்கே தேவையில்லை. லக்சம்பர்க் தீர்ப்பும் அவர்களை முதலெழுத்துகளால் மட்டுமே குறிக்கிறது.

பின்னணி: இரண்டு நாடுகள், ஒரு நிலஎல்லை

அயர்லாந்துக்கும் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் இடையே சுமார் 500 கிலோமீட்டர் நிலஎல்லை ஓடுகிறது. வயல்களையும் கிராமத்துச் சாலைகளையும் வெட்டிச் செல்லும் அந்த எல்லையை ஒரு நாளில் பலமுறை கடந்துபோகிறவர்கள் உண்டு. குற்றம் செய்தவர் அந்தப் பக்கம் போய்விட்டால் என்ன செய்வது என்பது அங்கே அன்றாடக் காவல் வேலை.

பழைய ஏற்பாடு மிக எளிமையாக இருந்தது. ஒரு பக்கத்து நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணையின் பின்புறத்தில் மறுபக்கத்து அதிகாரி கையெழுத்திட்டால் கைது செய்து அனுப்பிவிடலாம். 1851ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே இதற்கு ஆதாரம். அந்த எளிமையில் ஆபத்தும் இருந்தது. 1960களில் டப்ளின் நீதிமன்றம் விடுவித்த ஒருவரை, வெளியே வந்த கையோடு புதிய பிடியாணையில் பிடித்து, வழக்கறிஞர்கள் மீண்டும் நீதிமன்றத்தை அணுகுவதற்குள் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார்கள். அயர்லாந்து உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, அந்தச் சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி செய்தது. கைதானவர் நீதிமன்றத்தை அணுக அவகாசம் தரும் வகையில் 1965இல் இரு நாடுகளும் புதிய சட்டங்கள் இயற்றின. வட அயர்லாந்து வன்முறை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அரசியல் குற்றம் என்ற விலக்கைக் காட்டி ஒப்படைப்பை மறுத்த வழக்குகள் இரு அரசுகளுக்கும் இடையே நீண்ட மனக்கசப்பை வளர்த்தன.

இந்தப் பூசலை அடக்கியது, ஓர் உறுப்பு நாடு பிறப்பித்தால் மற்ற உறுப்பு நாடுகளும் நிறைவேற்றும் ஐரோப்பியப் பிடியாணை. 2002 ஜூன் 13 அன்று ஒன்றியம் ஏற்ற முடிவின்படி 2004 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அமைச்சர்கள் முடிவெடுத்த இடத்தில் நீதிபதிகள் அமர்ந்தார்கள். கைதானவர் சம்மதித்தால் 10 நாளில் முடிவு. இல்லாவிட்டால் 60 நாள், தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். அரசியல் குற்றம் என்ற விலக்கு போயிற்று. சொந்தக் குடிமகனை அனுப்ப மாட்டோம் என்ற பழைய மறுப்புக்கும் இடமில்லாமல் போயிற்று. இரு நாடுகளும் 2003இல் தத்தம் சட்டங்களை இயற்றி, 1965ஆம் ஆண்டு ஏற்பாட்டை நீக்கிவிட்டன. பழைய பாலத்தை இடித்த பிறகு புதிய பாலமும் அசைந்தால் என்ன ஆகும் என்பதே 2016க்குப் பின் எழுந்த கவலை.

விலகல் முடிவும் முதல் அதிர்வும்

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்கள் விலகலுக்கு வாக்களித்தார்கள். 2017 மார்ச் 29 அன்று அரசு முறையான அறிவிப்பைக் கொடுத்தது. அந்த நேரத்தில் அயர்லாந்துச் சிறையில் வேறொருவர் இருந்தார். கொலை, தீவைப்பு, பாலியல் வன்முறை ஆகிய குற்றச்சாட்டுகளில் 2016இன் முதல் பாதியில் பிரிட்டன் இரண்டு பிடியாணைகளைப் பிறப்பித்திருந்தது. 2017 பிப்ரவரி முதல் அவர் காவலில் இருந்தார். பிரிட்டன் வெளியேறிய பின் என் உரிமைகளை யார் காப்பது, லக்சம்பர்க் நீதிமன்றத்தின் மேற்பார்வை அங்கே இருக்காதே என்று அவர் வாதாடினார்.

2018 செப்டம்பர் 19 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விலகும் எண்ணத்தை அறிவித்தது மட்டுமே ஒப்படைப்பை மறுக்கப் போதுமான காரணமாகாது; வெளியேறும் நாள் வரை அது உறுப்பு நாடுதான். மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையிலும் 1957ஆம் ஆண்டின் ஐரோப்பிய நாடுகடத்தல் உடன்படிக்கையிலும் பிரிட்டன் தொடர்ந்து உறுப்பினராக இருப்பதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. விலகிய பின் உரிமைகள் பறிபோகும் என்று நம்ப உறுதியான சான்று இருந்தால் மட்டுமே மறுக்கலாம் என்றது.

அந்தத் தீர்ப்பு விலகலுக்கு முந்தைய காலத்துக்கு விடை சொன்னது. விலகலுக்குப் பிந்தைய காலத்துக்கு யாரும் விடை சொல்லியிருக்கவில்லை.

காகிதத்தில் எழுதப்பட்ட ஏற்பாடு

2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் வெளியேறியது. டிசம்பர் 31 வரை, ஒன்றிய விதிகள் பிரிட்டனில் தொடர்ந்த மாறுதல் காலம். இதை ஒழுங்குபடுத்திய விலகல் உடன்படிக்கையின் 62ஆம் பிரிவு, மாறுதல் காலம் முடியும் முன் ஒருவர் கைதாகியிருந்தால் அவர் மீதான ஐரோப்பியப் பிடியாணை பழைய விதிகளின்படியே நடக்கும் என்றது. அதன் பின் கைதாகிறவர்களுக்கு வர்த்தக, ஒத்துழைப்பு உடன்படிக்கை வந்தது. 2020 டிசம்பர் 30 அன்று அதில் கையெழுத்தானது. மறுநாள் நள்ளிரவு கடந்ததும் தற்காலிகமாக நடைமுறைக்கு வந்தது. 2021 மே 1 முதல் முழுமையாகச் செல்லுபடியானது. அதன் 632ஆம் பிரிவு, மாறுதல் காலம் முடியும் முன் பிறப்பிக்கப்பட்டும் அதற்குள் கைது நடக்காத பழைய பிடியாணைகளைப் புதிய விதிகளின் கீழ் கொண்டுவந்தது.

ஆக, பிடியாணையின் தேதியை விடக் கைதான தேதியே முக்கியமாயிற்று.

காவல் துறையின் கைகளில் இருந்த கருவிகளும் மாறின. தேடப்படுவோர் பற்றிய விவரங்களை ஐரோப்பிய நாடுகள் பகிர்ந்துகொள்ளும் ஷெங்கன் தகவல் அமைப்பை பிரிட்டன் காவலர்கள் ஆண்டுக்கு 50 கோடிக்கும் அதிகமான முறை சரிபார்த்து வந்தார்கள். அந்த இணைப்பு 2020 கடைசி நாளில் அறுந்தது. இன்டர்போல் வழியே தேடல் அறிவிப்புகளை அனுப்ப வேண்டியதாயிற்று. ஒன்றியத்தின் காவல் முகமையான யூரோபோலிலும் வழக்குத் தொடுப்போருக்கான ஒத்துழைப்பு முகமையான யூரோஜஸ்டிலும் உறுப்பினராக இருந்த நாடு, தொடர்பு அலுவலர்களை மட்டும் அங்கே வைத்துக்கொண்டது. குற்றப் பின்னணித் தகவல் கேட்டால் பதில் தரும் கெடு 10 வேலை நாளிலிருந்து 20 ஆகியது. ஆனால் மரபணு, கைரேகை ஒப்பீடு தொடர்ந்தது. சொந்தக் குடிமக்களை ஒப்படைக்க மறுக்கும் உரிமை உறுப்பு நாடுகளுக்குத் திரும்பக் கிடைத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா ஆகியவை மாறுதல் காலத்திலேயே அதை அறிவித்துவிட்டன. ஜெர்மனியின் அரசியலமைப்பு, தன் குடிமகனை ஒன்றியத்துக்கு வெளியே அனுப்புவதைத் தடுக்கிறது. ஆகவே அங்கே வேறு வழியும் இல்லை.

அயர்லாந்தைப் பொறுத்தவரை ஷெங்கன் அமைப்பின் இழப்பு பலர் நினைப்பதைப் போலப் பெரிய அடியாக இல்லை. அயர்லாந்து அதில் இணைந்ததே 2021 மார்ச்சில்தான். பிரிட்டன் 2015இல் இணைந்து 2020 முடிவில் வெளியேறிவிட்டது. அந்த இரண்டு அண்டை நாடுகளும் ஒரே நேரத்தில் அதைப் பயன்படுத்தவே இல்லை. அவர்களுக்கு இடையே உண்மையில் வேலை செய்தது பிடியாணைச் சட்டம். அதனால்தான் அதன் அடித்தளத்தைத் தொட்ட வழக்கு அவ்வளவு கனமானதாயிற்று.

கைதுகள்

முதலாமவர் மீதான பிடியாணை 2020 மார்ச் 20 தேதியிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று அயர்லாந்தில் கைதானார். மாறுதல் காலம் அப்போது முடியவில்லை. எனவே விலகல் உடன்படிக்கையின் 62ஆம் பிரிவுக்குள் வந்தார். 2021 பிப்ரவரி 8 அன்று அவரை ஒப்படைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டு, அதுவரை காவலில் வைக்கச் சொன்னது.

இரண்டாமவர் மீதான பிடியாணை 2020 அக்டோபர் 5 அன்று பிறந்தது. அவர் கைதானது 2021 பிப்ரவரி 25. இதற்குள் பிரிட்டன் முழுமையாக வெளியேறிவிட்டது. வர்த்தக, ஒத்துழைப்பு உடன்படிக்கையின் 632ஆம் பிரிவு அவருக்குப் பொருந்தும் என்பது அரசின் நிலை.

வெவ்வேறு இரண்டு உடன்படிக்கைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் என அமைந்தது தற்செயல்தான். அதனாலேயே இரண்டையும் சேர்த்துச் சோதிக்க நீதிமன்றங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.

எடுத்து வைத்த வாதம்

ஒப்படைப்பு வழக்குகளில் வழக்கமாகச் சொல்லப்படும் தடைகளோடு அவர்கள் நிற்கவில்லை. அயர்லாந்து அரசியலமைப்பின் 40ஆம் பிரிவு, காவலில் இருக்கும் எவரும் தம் காவல் சட்டப்படியானதா என்று உயர் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்கிறது. நம் ஊர் ஆட்கொணர்வு மனுவுக்கு இணையானது அது. முதலாமவர் சார்பில் பிப்ரவரி 16 அன்றும், இரண்டாமவர் சார்பில் மார்ச் 5 அன்றும் மனுக்கள் போயின. எதிர்மனுதாரர், டப்ளினின் மேற்கில் உள்ள கிளோவர்ஹில் சிறையின் ஆளுநர்.

வாதத்தின் மையம், ஒன்றிய ஒப்பந்தங்களோடு இணைந்த 21ஆம் நெறிமுறை. பிரிட்டனும் அயர்லாந்தும் பொதுச்சட்ட மரபைப் பின்பற்றியதாலும், தமக்குள் கடவுச்சீட்டு இல்லாப் பயண ஏற்பாடு வைத்திருந்ததாலும், நீதி, உள்துறை விவகாரங்களில் ஒன்றியம் கொண்டுவரும் எந்த நடவடிக்கையும் தாங்களாக விரும்பி இணைந்தால் ஒழியத் தங்களைக் கட்டுப்படுத்தாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அயர்லாந்துக்கு அந்தச் சலுகை இன்றும் உண்டு.

மனுதாரர்கள் கேட்டது இது: குற்றவாளிகளை ஒப்படைப்பது நீதி, உள்துறை விவகாரம். விலகல் உடன்படிக்கையிலும் வர்த்தக உடன்படிக்கையிலும் உள்ள அந்தப் பகுதிகளுக்கு அயர்லாந்து தனியாக இணைப்பு அறிவிப்புக் கொடுத்ததா? கொடுக்கவில்லை. அப்படியானால் அந்தப் பகுதிகள் அயர்லாந்தைக் கட்டுப்படுத்தாது. அவற்றை நம்பி 2020 டிசம்பரில் அரசு பிறப்பித்த ஆணைகளும் செல்லாது. அந்த ஆணைகளை நம்பிய காவலும் செல்லாது.

இதைத் தப்பிக்கும் தந்திரம் என்று ஒதுக்க முடியாது. ஒரு மனிதரை அடைத்து வைக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை அரசு காட்டியே ஆக வேண்டும். தண்டனை பெற்றவர் கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். 1960களில் அவசரமாக எல்லை கடத்தப்பட்ட மனிதருக்கு மறுக்கப்பட்டது இந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்புதான்.

டப்ளினில் எடுத்த முடிவுகள்

உயர் நீதிமன்றம் இரு மனுக்களையும் நிராகரித்தது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைக் கேட்டபோது இரண்டு வழிகள் இருந்தன. தாமே முடிவு சொல்லி வழக்கை முடிக்கலாம். அல்லது ஒன்றியச் சட்டத்தின் பொருளை உறுதியாகச் சொல்லும் அதிகாரம் உள்ள லக்சம்பர்க் நீதிமன்றத்திடம் கேட்கலாம். உச்ச நீதிமன்றம் இரண்டாவது வழியை எடுத்தது. மனுதாரர்கள் சொல்வது சரியென்றால் காவல் சட்டவிரோதமாகிவிடும் என்பதை நீதிமன்றம் மறைக்காமல் பதிவு செய்தது. 2021 ஜூலை இறுதியில் கேள்விகள் அனுப்பப்பட்டன.

இது சரியான முடிவு என்பது என் கருத்து. இந்த வாதத்தின் பிடியில் இருந்தவர்கள் இரண்டு பேர் மட்டும் அல்லர். அயர்லாந்தில் பிரிட்டன் பிடியாணையின் பேரில் கைதாகும் ஒவ்வொருவரும் இதே கேள்வியை எழுப்பலாம். டப்ளின் தன் விளக்கத்தோடு நின்றிருந்தால், அடுத்த வழக்கில் ஐயம் மறுபடியும் தலைதூக்கியிருக்கும். இதற்குக் கொடுத்த விலை காலதாமதம். அதைக் குறைக்க, ஒருவரின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கென உள்ள அவசர நடைமுறையில் லக்சம்பர்க் இதை எடுத்துக்கொண்டது.

லக்சம்பர்க்கின் பதில்

2021 நவம்பர் 9 அன்று நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர் யூலியானே கோகோட் தம் கருத்தைத் தந்தார். ஒரு வாரத்தில், நவம்பர் 16 அன்று, நீதிபதிகள் பலர் சேர்ந்து அமரும் பேரமர்வு தீர்ப்பு சொன்னது. இரண்டும் ஒரே திசையில் போயின: இரு உடன்படிக்கைகளும் அயர்லாந்தைக் கட்டுப்படுத்தும்; தனி இணைப்பு அறிவிப்புத் தேவையில்லை.

காரணங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 21ஆம் நெறிமுறை, ஒப்பந்தத்தில் நீதி, உள்துறை பற்றிய தலைப்பின் அடிப்படையில் எடுக்கும் நடவடிக்கைகளுக்கே பொருந்தும். விலகல் உடன்படிக்கை எழுந்ததோ, ஒரு நாடு வெளியேறுவதைப் பற்றிய 50ஆம் பிரிவின் மீது. வெளியேறுவது ஒரு துறையை மட்டும் தொடும் செயல் அல்ல. ஒன்றியச் சட்டம் தொடும் எல்லாத் துறைகளையும் ஒரே நேரத்தில் அவிழ்க்க வேண்டும். அதில் ஒப்படைப்பை மட்டும் பிரித்தெடுத்து வேறு அடித்தளத்தில் வைத்தால், அதுவரை ஐரோப்பியப் பிடியாணைக்குக் கட்டுப்பட்டிருந்த அயர்லாந்தை, என்றுமே கட்டுப்படாத நாட்டைப் போல நடத்த நேரும். ஒழுங்காகப் பிரிவது என்ற நோக்கமே அதில் சிதைந்துவிடும்.

வர்த்தக, ஒத்துழைப்பு உடன்படிக்கை எழுந்தது ஒன்றிய ஒப்பந்தங்களில் உள்ள 217ஆம் பிரிவின் மீது. ஒன்றியம் வெளிநாடுகளோடு பரந்த கூட்டுறவு உடன்படிக்கை செய்ய வழிவிடும் பிரிவு அது. அப்படிப்பட்ட உடன்படிக்கைக்கு, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அமரும் ஒன்றிய மன்றம் ஒருமனதாக ஒப்புதல் தர வேண்டும். அயர்லாந்தின் சம்மதமும் அந்த ஒருமனதில் அடக்கம். வர்த்தகம், மீன்பிடி, போக்குவரத்து, காவல் ஒத்துழைப்பு என எல்லாவற்றையும் சமன்படுத்திய உடன்படிக்கையில், ஒப்படைப்பு விதிகள் முழுமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம்.

அதன் பிறகு

பிடியாணைகள் நின்று போகவில்லை. அடித்தளமே இல்லை என்ற வாதத்துக்கு அயர்லாந்து நீதிமன்றங்களில் இடமில்லாமல் போயிற்று. ஒன்றியத்துக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான ஏற்பாடு, மிகவும் பாரம் சுமக்கும் எல்லையிலேயே தாக்குப்பிடித்தது. மாற்று ஏற்பாடாக எஞ்சியிருந்த 1957ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குத் திரும்ப வேண்டிய நிலை வரவில்லை.

ஆனால் பழைய நம்பிக்கை அப்படியே திரும்பிவிடவும் இல்லை. 2024 ஜூலை 29 அன்று வந்த மற்றொரு பேரமர்வுத் தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. 2020 ஜூலையில் செய்ததாகச் சொல்லப்படும் பயங்கரவாதக் குற்றங்களுக்காக வட அயர்லாந்து நீதிபதி ஒருவர் பிறப்பித்த பிடியாணைகளைப் பற்றியது அந்த வழக்கு. குற்றத்துக்குப் பின் பிரிட்டன் சட்டம் மாறி, முன்கூட்டிய விடுதலை கடினமாகியிருந்தது. இது குற்றம் நடந்தபோது இல்லாத கூடுதல் தண்டனை ஆகாதா என்று கைதானவர் கேட்டார். உறுப்பு நாடுகளுக்கு இடையே இருக்கும் பரஸ்பர நம்பிக்கையைப் பிரிட்டன் விஷயத்தில் முன்கூட்டியே அனுமானிக்க முடியாது. ஒப்படைக்கும் நீதிமன்றம் அடிப்படை உரிமைகளுக்கு ஆபத்து உண்டா என்பதைத் தானே ஆராய வேண்டும், வேண்டிய விளக்கங்களைப் பிரிட்டனிடம் கேட்டுப் பெற வேண்டும் என்றது லக்சம்பர்க்.

என்ன மாற வேண்டும்

இருவரின் கேள்விக்கு விடை கிடைக்க, மனு போட்ட நாளிலிருந்து எட்டு, ஒன்பது மாதங்கள் ஆயின. இதில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியது. 2020இல் உடன்படிக்கைகளை ஏற்ற வேளையிலேயே, 21ஆம் நெறிமுறை இதற்குப் பொருந்துமா இல்லையா என்று ஒன்றியமும் அயர்லாந்தும் காரணங்களோடு வெளிப்படையாகப் பதிவு செய்திருக்கலாம். ஐயம் இருந்தால், பாதுகாப்புக்காக ஓர் இணைப்பு அறிவிப்பையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம். அடித்தளத்தைப் பற்றிய ஐயத்தைக் கைதானவர்களின் தலையில் தீர்த்துக்கொள்வது முறையல்ல. எட்டு ஆண்டுத் தண்டனை பெற்றவருக்கு, காத்திருந்த காவல் நாள்கள் தண்டனையில் கழிக்கப்படும். தீர்ப்பே வராத மனிதருக்கு அந்தக் கணக்கால் என்ன பயன்?

பிடியாணைகளைக் கையாளும் காவல் அலுவலகங்களும் வழக்கறிஞர்களும் முதலில் கைதான தேதியைப் பார்க்க வேண்டும்; எந்த உடன்படிக்கை பொருந்தும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. குடியுரிமையை அடுத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மானியக் குடிமகன் ஜெர்மனியில் இருந்தால் விண்ணப்பத்தை எழுதும் முன்பே வேறு வழி யோசிக்க வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின், சிறை நிலைமை, முன்விடுதலை விதிகள் பற்றிய விவரங்களை, கேட்கும் நாடு முதல் நாளிலேயே இணைத்து அனுப்புவது 60 நாள் கெடுவைக் காக்க உதவும்.

கடைசியாக, இந்த ஏற்பாடு எதில் தொங்குகிறது என்பதை எல்லாத் தரப்பும் நினைவில் வைக்க வேண்டும். வர்த்தக, ஒத்துழைப்பு உடன்படிக்கையின் 692ஆம் பிரிவின்படி, காவல், நீதி ஒத்துழைப்புப் பகுதியை எந்தத் தரப்பும் எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். அறிவித்த ஒன்பதாம் மாதத்தில் அது செயலிழக்கும். ஆனால் மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய உடன்படிக்கையிலிருந்து விலகியதைக் காரணம் காட்டி முடித்துக்கொண்டால் ஒன்பது மாத அவகாசம் கிடையாது. அந்த விலகல் நடைமுறைக்கு வரும் நாளிலேயே ஒப்படைப்பு விதிகளும் முடிந்துவிடும். பிரிட்டன் அரசியலில் அந்த விலகலைக் கோரும் குரல்கள் வெளிப்படையாக ஒலிக்கின்றன. அப்படியொரு நாள் வந்தால் எந்த மாற்றுச் சட்டத்தில் பிடியாணைகள் ஓடும் என்பதை டப்ளினும் லண்டனும் இப்போதே எழுதி வைக்கத் தொடங்க வேண்டும்.